ஐரோப்பாவின் மறக்கப்பட்ட ஈரோட்டிக் படங்கள்: மீட்பது, பாதுகாப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களின் நடுப்பகுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை பிரான்ஸ், இத்தாலி, மேற்கு ஜெர்மனி, ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகளில் எடுக்கப்பட்ட வயதுவந்தோர் படங்களின் சுருள்களைக் காப்பாற்றுவது பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். வேறு சொல்லாத இடங்களில் 35 மி.மீ. சுருள் என்றே எடுத்துக்கொள்ளவும்.

இந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் ரீஸ்டோரேஷன் எதுக்குங்க? யாரு பாக்கப் போறா?

அன்றைக்குப் பார்த்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 1971-ல் வந்த 'புளூ மூவி' என்ற டச்சுப் படத்துக்கு நெதர்லாந்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகையே ஒன்றரைக் கோடியைத் தொடவில்லை. டென்மார்க் 1967-ல் எழுத்துக்கும் 1969-ல் படங்களுக்கும் இருந்த ஆபாசத் தடையை நீக்கியது. ஐரோப்பிய சென்சார் முறை எப்படி நாட்டுக்கு நாடு உடைந்தது என்பதற்கு இந்தப் படங்களை விட்டால் வேறு நல்ல சாட்சி கிடையாது. போலந்திலிருந்து பாரிஸ் போய் அனிமேஷனில் பெயர் வாங்கிய வாலெரியன் போரோவ்சிக் போன்றவர்கள் இந்த வகையில்தான் தங்கள் முக்கியமான படங்கள் சிலவற்றை எடுத்தார்கள்.

அவசரத்துக்குக் காரணம் வேறு. மற்ற படங்களுக்கு ஒரு ஸ்டூடியோவோ அரசு ஆவணக்காப்பகமோ காவல் இருந்தது. இவற்றில் பலவற்றை எடுத்தது ஒரு படத்துக்காகவே தொடங்கி அதோடு மூடிய கம்பெனிகள். கேட்பாரில்லாத சுருள்தான் முதலில் குப்பைக்குப் போகும்.

பாதுகாப்பு, ரீஸ்டோரேஷன், ரீமாஸ்டர் மூணும் ஒண்ணுதானே?

இல்லை. இருக்கிற சுருள் மேலும் கெடாமல் வைப்பதும், அதற்கு மாற்றுப் பிரதி எடுத்துவைப்பதும் பாதுகாப்பு. கிடைக்கிற பிரதிகளையெல்லாம் ஒப்பிட்டு, படம் வெளியானபோது இருந்த ஒரு வடிவத்தைத் திரும்பக் கட்டுவது ரீஸ்டோரேஷன். கையிலுள்ள ஒரே மாஸ்டரை எடுத்து நிறத்தைத் திருத்தி டிஸ்க் போடுவது ரீமாஸ்டர். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சந்தையில் வருவதில் பெரும்பகுதி மூன்றாவது ரகம்தான். அது தப்பில்லை, ஆனால் பெயரை மாற்றிச் சொல்லக்கூடாது.

மத்த படங்களை விட இது மட்டும் ஏன் இவ்வளவு சின்னாபின்னமா கிடைக்குது?

வெட்டியவர்கள் பலர். சென்சார் வெட்டியது, விநியோகஸ்தர் ஊருக்கு ஏற்றபடி வெட்டியது, புரொஜெக்டர் அறையில் ஆபரேட்டர் தனக்கென்று நாலு ஃபிரேம் எடுத்துக்கொண்டது. தியேட்டருக்குப் போகும் பிரிண்டில் வெட்டினால் ஒரு பிரதியோடு போகும். ஏற்றுமதிக்காக மூலச்சுருளான நெகட்டிவிலேயே கை வைத்த தயாரிப்பாளர்களும் உண்டு. அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் பிரதியிலும் அந்த ஊனம் இருக்கும்.

இரண்டாவது காரணம், சுருளைக் கழுவிப் பிரதி எடுக்கும் லேப். தயாரிப்பாளர் பாக்கி வைத்துவிட்டு மறைந்தால் நெகட்டிவ் லேபிலேயே தங்கிவிடும். லேப் மூடும்போது பெட்டிகள் யாருடையவை என்றே தெரியாது. பாரிஸ் அருகே செயின்ட்-குளூவில் இருந்த எல்டிசி லேப் 2011 டிசம்பரில் கலைக்கப்பட்டபோது பிரெஞ்சுத் திரைத்துறை முழுவதும் தன் நெகட்டிவ்களைத் தேடி ஓட வேண்டியிருந்தது. ஆளிருந்த படங்களுக்கே அந்த நிலை.

டப்பாவைத் திறந்தா வினிகர் நெடி அடிக்குது. படம் போச்சா?

உடனே போகாது, ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. சுருளின் பிளாஸ்டிக் அடித்தளமான அசிடேட் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் உருவாக்கிய, அமிலம் பட்டால் நிறம் மாறும் ஏ-டி காகிதப் பட்டைகளை ஒரு டப்பாவுக்கு ஒன்றாகப் போட்டு மூடி, அறை வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் வையுங்கள். நீலமாகவே இருந்தால் 0. பச்சைக்குத் திரும்பினால் 2, மஞ்சளானால் 3. 1.5-ஐத் தாண்டினால் சிதைவு தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் கட்டம். 2-க்கு வந்தவற்றை ஸ்கேன் வரிசையில் முன்னால் தள்ளுங்கள். 3 என்றால் சுருக்கமும் வளைவும் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது. அதைப் புரொஜெக்டரில் போட நினைக்கவே வேண்டாம்.

நெடியுள்ள சுருளை மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள். துருப்பிடித்த இரும்பு டப்பாவை மாற்றி, காற்றோட்டமுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் போடுங்கள். உள்ளே கிடக்கும் பழைய காகிதங்களை எடுத்துவிடுங்கள், ஆனால் எறியாதீர்கள். லேப் சீட்டு, சென்சார் சீட்டு எல்லாம் பின்னால் வேண்டியிருக்கும். ஒலிக்கான மேக்னடிக் சுருளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதன் மேலுள்ள இரும்பு ஆக்சைடு சிதைவை வேகப்படுத்துவதால், படம் நன்றாக இருக்கும்போதே ஒலி போய்விடும்.

சுருக்கத்தை அளப்பது எளிது. புதிய பிரிண்டின் ஓரத்தில் துளைக்குத் துளை 4.75 மி.மீ., ஆக 100 துளைக்கு 475 மி.மீ. அதே நீளம் 470.25 ஆகியிருந்தால் சுருக்கம் 1 சதவீதம். நெகட்டிவுக்கு இடைவெளி 4.74 மி.மீ. என்பதால் கணக்கை 474-இலிருந்து தொடங்குங்கள். 1 சதவீதத்தை நெருங்கினாலே பல்சக்கரம் துளைகளைக் கிழிக்கும். ரோலர் மட்டும் வைத்து இழுக்கும் ஸ்கேனர்தான் அதற்குச் சரி.

வீட்டு ஃப்ரீசர்ல வெச்சா தாங்குமா?

அசிடேட் சுருள் தாங்கும், முறையாகக் கட்டினால். 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய அசிடேட் சுருளே சுமார் 40 ஆண்டுகளில் வினிகர் கட்டத்தை எட்டிவிடும். குளிர் அந்தக் காலத்தைப் பல மடங்கு நீட்டும். பிரிட்டனின் திரைப்பட நிறுவனமான பிஎஃப்ஐ, கேடன் என்ற ஊரில் கட்டியுள்ள மூலச்சுருள் கிடங்கை மைனஸ் 5 டிகிரியிலும் 35 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்கிறது.

வீட்டில் செய்வதானால் முதலில் சுருளை 30 முதல் 40 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் சில வாரம் விட்டு, பிறகு இரண்டு அடுக்கு உறையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைகளுக்கு நடுவில் ஈரப்பதம் காட்டும் அட்டை ஒன்றை வையுங்கள். பனி படியாத ரக ஃப்ரீசராக இருக்கட்டும். எடுக்கும்போது உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க வெளியே வைத்த பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டால் படம் பதிந்திருக்கும் பூச்சான எமல்ஷன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். நைட்ரேட் சுருளை மட்டும் வீட்டில் எங்கேயும் வைக்காதீர்கள். அது பற்றி இன்னொரு கேள்வியில் வருகிறது.

பிரிண்ட் முழுக்க ரோஸ் கலராயிடுச்சு. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாமா?

பாதி. 1980களின் தொடக்கத்தில் நிறம் மங்காத ரகம் வரும்வரை பயன்பட்ட ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட் சுருளில் சயான் என்ற பச்சை கலந்த நீலச் சாயம்தான் முதலில் வெளுக்கும். பின்னால் மஞ்சள் குறையும், கருஞ்சிவப்பு ரோஸான மெஜந்தா நிற்கும். அதனால்தான் எல்லாம் ரோஸ். ஸ்கேனில் இது சிவப்புச் சானலில் மாறுபாடு அற்றுப்போனதாகத் தெரியும். மிச்சமிருப்பதை இழுத்து விரித்தால் நிறம் திரும்பும், கூடவே இரைச்சலும் பெரிதாகும். ஆகவே மங்கிய பிரிண்டை 16 பிட்டில், முடிந்தால் ஒரே ஃபிரேமுக்கு இரண்டு மூன்று வெளிச்ச அளவுகளில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 10 பிட்டில் செய்துவிட்டு நிறம் வரவில்லை என்று அழுவதில் பயனில்லை.

தோல் நிறம் இந்தப் படங்களில் பாதித் திரையை அடைத்திருக்கும். அதனால் தவறு உடனே உறுத்தும். ஒப்பிட நல்ல ஆதாரம், சாயம் பதித்த டெக்னிகலர் பிரிண்ட். அது மங்காது. ரோம் நகர டெக்னிகலர் லேப் 1970களின் பிற்பகுதி வரை இந்த முறையில் பிரிண்ட் போட்டது. ஒரே ஒரு ரீல் கிடைத்தாலும் படம் முழுவதற்கும் அதுவே நிறத்துக்கு வழிகாட்டி.

எந்தச் சுருளைத் தேடணும்? எங்க போய்த் தேடணும்?

கேமராவில் ஓடிய நெகட்டிவ் முதலில். அது இல்லையென்றால் அதிலிருந்து நேராக எடுத்த இன்டர்பாசிட்டிவ், அப்புறம் அதிலிருந்து எடுத்த டூப் நெகட்டிவ், கடைசியில்தான் பிரிண்ட். ஒவ்வொரு தலைமுறைக்கும் கூர்மை குறையும், மணல்போல் தெரியும் கிரெயின் ஏறும். ஆனால் நெகட்டிவ் கிடைத்தவுடன் தேடலை நிறுத்தாதீர்கள். நெகட்டிவே வெட்டுப்பட்டிருக்கலாம் என்று மேலே சொன்னோமே, அந்தக் காட்சி ஏதோ ஒரு நாட்டின் பிரிண்டில் மிஞ்சியிருக்கும்.

தேடும் இடம்: உரிமையாளரின் கிடங்கு, லேப், தயாரித்த நாட்டின் ஆவணக்காப்பகம், பிறகு வாங்கிய நாடுகளின் ஆவணக்காப்பகங்கள். பிரான்சில் 1977 ஆணைக்குப் பிறகு படங்களை அரசிடம் வைப்புச் செய்யும் கட்டாயம் நடைமுறைக்கு வந்ததால் அதற்குப் பிந்தைய படங்களுக்கு வாய்ப்பு அதிகம். சில தயாரிப்பாளர்கள் தாங்களே காவல் காத்தார்கள். ஜூரிச்சில் இருந்த எர்வின் சி. டீட்ரிச் தன் நெகட்டிவ்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் ஸ்பானிய இயக்குநர் ஹெசுஸ் ஃபிராங்கோ அவருக்காக 1970களில் எடுத்த படங்கள் இன்று பளிச்சென்று கிடைக்கின்றன. அதே ஃபிராங்கோ வேறு கம்பெனிகளுக்கு எடுத்தவற்றில் பல, கீறல் பிரிண்டுகளாகவே மிஞ்சின.

2கே போதுமா, 4கே வேணுமா? எவ்வளவு இடம் பிடிக்கும்?

கேமரா நெகட்டிவ் என்றால் 4கே. பல கை மாறிய பிரிண்ட் என்றால் 2கே-யிலேயே அதிலுள்ளது எல்லாம் வந்துவிடும். 90 நிமிடப் படத்தில் 1,29,600 ஃபிரேம். 4096-க்கு 3112 அளவில் ஒரு ஃபிரேமுக்கு ஒன்றாகச் சேமிக்கும் 10 பிட் டிபிஎக்ஸ் கோப்பு ஒன்று சுமார் 51 மெகாபைட். ஆக மொத்தம் 6.6 டெராபைட். நொடிக்கு 5 ஃபிரேம் ஓடும் ஸ்கேனருக்கு ஓட்டம் மட்டும் 7 மணிக்கு மேல் ஆகும். ஒட்டுகளைச் சரிபார்க்கும் நேரம் அதற்குள் அடங்காது, பெரும்பாலும் அதுதான் அதிகம்.

டிபிஎக்ஸ் கோப்புகளை ராகுக்ட் என்ற மென்பொருளால் எஃப்எஃப்வி1 வடிவத்துக்கு மாற்றினால் ஒரு பிட்கூட இழக்காமல் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இடம் மிச்சம். வேண்டும்போது பழைய கோப்புகளை அப்படியே திரும்ப எடுக்கலாம்.

கோடு கோடா இருக்கு. வெட் கேட் போட்டா எல்லாம் போயிடுமா?

வெட் கேட் என்பது சுருளைத் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்வது. பலன், கோடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. சுருளைச் சாய்த்து விளக்கில் பாருங்கள். பளபளப்பான அடித்தளப் பக்கத்துக் கீறலில் வெட் கேட் திரவம் நிரம்பிக்கொள்ளும். அதன் ஒளிவிலகல் அசிடேட்டுடையதை ஒட்டியே இருப்பதால் கீறல் கண்ணுக்குத் தெரியாது. எமல்ஷன் பக்கத்தில் சாயமே சுரண்டப்பட்டு பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும் கோட்டை எந்தத் திரவமும் மூடாது. அதைக் கையால் ஃபிரேம் ஃபிரேமாகத்தான் நிரப்ப வேண்டும்.

திரவம் பெரும்பாலும் பெர்குளோரோஎத்திலீன். நச்சு. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதி இல்லாத இடத்தில் தொடக்கூடாது. பழைய செல்லோ டேப் ஒட்டுகள் இருந்தால் முன்பே அகற்றி, பசையைத் துடைத்து, புதிதாக ஒட்டிய பிறகே மெஷினுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் திரவத்தில் ஒட்டு பிரிந்து சுருள் உள்ளேயே சிக்கும்.

டெக்னிஸ்கோப் நெகட்டிவ்னு சொல்றாங்க. அதுல என்ன சிக்கல்?

இத்தாலிய டெக்னிகலர் கண்டுபிடித்த சிக்கன முறை அது. ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளைக்குப் பதில் இரண்டே துளை, அதனால் பாதிச் சுருளில் அகலத்திரைப் படம். சின்ன பட்ஜெட் படங்கள் இதை விரும்பாமல் இருக்குமா? ஸ்கேனரில் இரண்டு துளைக்கான கேட் வேண்டும். உயரத்தில் 1556 கோடு அளவுதான் கிடைக்கும். ஃபிரேம்களுக்கு நடுவே இடைவெளி மெல்லியது என்பதால் ஒவ்வொரு ஒட்டிலும் சிமென்ட் படத்துக்குள் எட்டிப் பார்க்கும், ஒட்டில் படமும் ஒரு குலுங்கு குலுங்கும். நிலைப்படுத்தும் மென்பொருளைப் படம் முழுக்க ஓடவிடாமல் ஒட்டுக்கு முன்பின் இரண்டிரண்டு ஃபிரேமில் மட்டும் செலுத்துங்கள்.

படமே புகை மூட்டமா இருக்கு. கொஞ்சம் ஷார்ப் பண்ணி, கிரெயினைக் குறைச்சா என்ன?

அந்தப் புகைமூட்டம் ஒளிப்பதிவாளர் பணம் வாங்கிக்கொண்டு செய்தது. லென்ஸ் முன்னால் டிஃப்யூஷன் கண்ணாடியோ நைலான் காலுறையோ கட்டி எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் இருந்து, நிழலில் கிரெயின் கூர்மையாக நின்றால் அது ஃபில்டர். கிரெயினும் சேர்ந்து குழைந்திருந்தால்தான் அது டூப் எடுத்த குறை. முன்னதைக் கூர்மையாக்கினால் முகம் பிளாஸ்டிக் ஆகும்.

ஒரு காட்சி கரைந்து அடுத்தது வரும் டிசால்வ், காட்சி இருண்டு மறையும் ஃபேட் வரும் இடங்களில் திடீரென்று கிரெயின் பருத்து நிறம் மாறினாலும் பயப்பட வேண்டாம். அந்தத் துண்டு மட்டும் லேபில் ஆப்டிகலாக மறுபிரதி எடுத்துச் செருகியது. நிறத்தை அக்கம்பக்கத்தோடு ஒட்ட வைக்கலாம், கிரெயினை விட்டுவிடுங்கள்.

இயந்திரம் தானாகத் தூசி நீக்கும்போதுதான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. ஒரே ஃபிரேமில் தோன்றி மறைவது எல்லாம் அதற்குத் தூசி. இந்தப் படங்களில் மெழுகுவத்திச் சுடர், முத்துமாலை மின்னல், சரிகை உடை, சிமிட்டும் இமை எதற்கும் பஞ்சமில்லை. அத்தனையையும் தின்றுவிடும். அத்தகைய ஷாட்டுகளைப் பட்டியலிட்டுத் தானியங்கி முறையிலிருந்து விலக்கிவிட்டு, கையால் துடைக்க வேண்டும்.

ஒரே படத்துக்கு ஏழு டைட்டில், அஞ்சு நீளம். இதுல எதுங்க ஒரிஜினல்?

இந்தத் துறையின் உயிர்நாடியான கேள்வி. வேதியியல் சிக்கல்களுக்காவது பாடப்புத்தகத்தில் விடை உண்டு. இங்கே பெரும்பாலும் 'ஒரிஜினல்' என்று ஒன்று இருந்ததே இல்லை. தணிக்கை இறுகியிருந்த ஸ்பெயினில் ஒரே காட்சியை உள்ளூருக்கு ஆடையோடும், ஏற்றுமதிக்கு ஆடையில்லாமலும் இரண்டு முறை எடுத்தார்கள். இரண்டையும் எடுத்தது இயக்குநரே. ஃபிராங்கோ 1973-ல் எடுத்த பெண் ரத்தக்காட்டேரிப் படம் ஒன்று திகில் வடிவம், ஈரோட்டிக் வடிவம், அதைவிட அப்பட்டமான வடிவம் என்று மூன்றாக உலவுகிறது. அவருடைய 'எ வர்ஜின் அமங் த லிவிங் டெட்' படத்திலோ, பல வருடம் கழித்து ஜான் ரோலான் எடுத்த பிணங்கள் எழும் காட்சிகளைக் கம்பெனி செருகியது. போரோவ்சிக்கின் 1974 தொகுப்புப் படத்துக்காக எடுத்த ஒரு பகுதி, அதிலிருந்து பிரிந்து 1975-ல் வந்த 'த பீஸ்ட்' படத்தின் நடுப்பகுதியாகிவிட்டது.

ஆகவே 'எது ஒரிஜினல்' என்பதை விட்டு, 'எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த வடிவம் திரையில் ஓடியது' என்று கேளுங்கள். அதற்கு விடை சென்சார் பதிவில் இருக்கும். இத்தாலிய அரசின் தணிக்கைப் பதிவுகள் 'இத்தாலியா தால்யா' தரவுத்தளத்தில் கிடைக்கின்றன, நீளமும் வெட்டும் உட்பட. நீளம் மீட்டரில் இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேமில் ஒரு நிமிடம் 27.43 மீட்டர். 2,300 மீட்டர் என்று எழுதியிருந்தால் படம் 84 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் கையிலுள்ளது 79 நிமிடம் என்றால் சுமார் 130 மீட்டரைக் காணவில்லை. டிவி ஒளிபரப்பிலோ வீடியோவிலோ பார்த்த நீளத்தோடு ஒப்பிடும்போது மட்டும் கவனம்: ஐரோப்பாவில் அது நொடிக்கு 25 ஃபிரேம், 90 நிமிடப் படம் வெட்டே இல்லாமல் 86 நிமிடம் 24 நொடியில் முடியும். 'நாலு நிமிடம் வெட்டிவிட்டார்கள்' என்ற புகார்களில் பாதி இதுதான்.

எல்லா வடிவத்திலும் உள்ளதையெல்லாம் கோத்து 'முழுமையான பதிப்பு' செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது என்பதே எங்கள் கட்சி. ஆடையோடு ஒரு ஷாட், அடுத்து அதே காட்சி ஆடையில்லாமல் என்று எந்தத் தியேட்டரிலும் ஓடாத ஒரு படம் உருவாகும், பத்து வருடத்தில் அதுவே உண்மையாகிவிடும். ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதை ஒழுங்காகக் கட்டுங்கள். மற்றவை தனித்தனியாக இருக்கட்டும். ப்ளூரேயில் கிளைபிரியும் முறையில் இரண்டு வடிவத்தையும் ஒரே டிஸ்க்கில் வைக்க முடியும்.

சில ஷாட் மட்டும் ஒட்டாம இருக்கு. பின்னாடி சேர்த்ததுனு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சுருளின் ஓரத்தைப் படியுங்கள். கோடக் நெகட்டிவ் ஓரத்தில் வருடத்தைக் குறிக்கும் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் இருக்கும். அவை 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு ஷாட்டின் குறி மட்டும் படப்பிடிப்புக்குப் பிந்தைய வருடம் என்றால் அது செருகல். பட்டைக் கோடு போட்ட கீகோடு இருந்தால் 1990-க்குப் பிந்தைய சுருள். கம்பெனி மாறியிருப்பதும் துப்பு: படம் முழுக்க ஈஸ்ட்மன், ஒரு துண்டு மட்டும் இன்னொரு கம்பெனியான கேவார்ட் சுருள் என்றால் சந்தேகப்படலாம். முகம் தெரியாமல் உடல் மட்டும் தெரியும் நெருக்கக் காட்சி, அதில் வேறு படுக்கை விரிப்பு, வேறு நகச்சாயம் என்றால் ஓரக்குறி பார்க்காமலே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது விநியோகஸ்தர் வேலை, நடிகருக்கும் இயக்குநருக்கும் தெரியாமல் நடந்தது. அதைப் படத்துக்குள் வைக்காமல், என்னவென்று எழுதி, தனிக் கோப்பாகப் பாதுகாக்க வேண்டும்.

விஎச்எஸ்-ல மட்டும் இருக்கிற காட்சியைச் சேர்க்கலாமா?

நீங்கள் தேர்ந்த வடிவத்தில் அது இருந்தது என்று பதிவு சொன்னால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். தரம் விழுவதை மறைக்க முயல வேண்டாம். வீடியோவில் பக்கவாட்டு வெட்டப்பட்டிருக்கும், அல்லது மேலும் கீழும் கூடுதலாகத் தெரிந்து மைக் தொங்கும். திரையின் அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கா 1.85 மடங்கா என்பதை டைட்டில் எழுத்துகள் நிற்கும் இடத்திலிருந்தும் ரீல் தொடக்கத்தில் லேப் ஒட்டும் வெற்றுத் துண்டான லீடரில் எழுதியதிலிருந்தும் முடிவுசெய்து அதற்குள் பொருத்துங்கள். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும்போது முகங்கள் வேறு ஆளாக மாறுவதைக் கண்கொண்டு பார்க்கிறோம். மங்கலாக இருந்தால் இருக்கட்டும்.

ஒலி இத்தாலியனா, பிரெஞ்சா, இங்கிலீஷா? எதை வைக்கிறது?

நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசி, எல்லாவற்றையும் பின்னால் டப் செய்த படங்கள் இவை. தேர்ந்த வடிவம் எந்த நாட்டில் வெளியானதோ அந்த மொழி முதலில், மற்றவை கூடுதல் டிராக். ஒரு மொழியில் இல்லாத காட்சிக்குப் புதிதாக டப் செய்யாமல் இன்னொரு மொழியில் விட்டுத் துணையுரை போடுவதே வழக்கம்.

வீடியோவிலிருந்து எடுத்த டப்பிங் என்றால் மேலே சொன்ன 25 ஃபிரேம் கணக்குப்படி வேகத்தை 0.96 மடங்காகக் குறையுங்கள். சுருதியும் கூடவே இறங்க வேண்டும், அப்போதுதான் குரல் சரியாக இருக்கும். 35 மி.மீ. பிரிண்டில் ஒலி அதற்குரிய படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும் என்பதும் முக்கியம். அறுந்து ஒட்டிய இடத்தில் படம் ஒரு நொடியில் போயிருக்கும், அதனால் கெட்ட ஒலி ஏறக்குறைய ஒரு நொடி தள்ளிக் கேட்கும். இரைச்சல் நீக்கியை மெதுவாகத் திருகுங்கள். மூச்சொலியும் துணி உரசலும் இந்தப் படங்களின் ஒலியில் முக்கால்வாசி, அவைதான் முதலில் காணாமல் போகும்.

கம்பெனியே இல்லை. அப்ப உரிமை யாருக்கும் இல்லைதானே?

கம்பெனி செத்தாலும் உரிமை சாவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இயக்குநர், திரைக்கதையாளர், வசனகர்த்தா, படத்துக்கென்று இசையமைத்தவர் ஆகியோரில் கடைசியாக இறந்தவரிலிருந்து 70 ஆண்டு பாதுகாப்பு. 1970களின் படம் எதுவும் உங்கள் ஆயுளில் பொதுச்சொத்தாகும் என்று எண்ண வேண்டாம். உரிமையாளரை முறைப்படி தேடியும் கிடைக்காவிட்டால் 2012-ன் அநாதைப் படைப்பு நெறியாணையும் (எண் 28), சந்தையில் கிடைக்காத படைப்பு என்றால் 2019-ன் பதிப்புரிமை நெறியாணையும் (எண் 790) வழிவிடுகின்றன. ஆனால் அந்தச் சலுகை ஆவணக்காப்பகம், நூலகம் போன்ற நிறுவனங்களுக்குத்தான், தனியாருக்கு இல்லை. சுருளை வாங்குவது வேறு, படத்தின் உரிமையை வாங்குவது வேறு என்பதை ஒவ்வொரு வாரமும் யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது.

நடிச்சவங்களுக்கு 18 வயசு ஆகலைனு தெரிஞ்சா?

வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஸ்கேன் செய்யாதீர்கள், பிரதி எடுக்காதீர்கள், ஒரு ஃபிரேம்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். வழக்கறிஞரிடம் போங்கள். படம் வெளியானபோது அனுமதி இருந்தது என்பது இன்று வாதமாகாது. பிரிட்டனில் 1978-ன் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வயது வரம்பு 2003-ன் சட்டத்தால் 16-இலிருந்து 18-ஆக உயர்ந்தது, பழைய படங்களுக்கும் அதுவே அளவு. வரலாற்று மதிப்பு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

நடிகை இப்ப வேண்டாம்னு சொன்னா?

சட்டப்படி ஒப்பந்தம் பேசும். அதற்கு மேல் செய்யக்கூடியவை உண்டு. சுருளைப் பாதுகாப்பதும் படத்தை வெளியிடுவதும் தனித்தனி முடிவுகள். பாதுகாத்துவிட்டு வெளியீட்டைத் தள்ளிவைக்கலாம். அவருக்குத் தெரியாமல் செருகிய ஷாட்டுகள் இருந்தால் அவற்றை எடுத்துவிடுவது குறைந்தபட்ச மரியாதை. அட்டைப்படத்துக்கும் விளம்பரத்துக்கும் எந்த ஃபிரேம் என்று கேட்டுச் செய்தாலே பாதி மனவருத்தம் குறையும்.

1900-கள்லயே இப்படிப் படம் எடுத்தாங்களாமே, அதெல்லாம் இருக்கா?

இருக்கிறது. வியன்னாவில் யோஹான் ஷ்வார்ட்சர் என்ற புகைப்படக்காரர் 1906-ல் தொடங்கிய சாட்டர்ன் கம்பெனி, 'ஆண்களுக்கான மாலைக் காட்சி'களுக்கென்று சிறு படங்களை எடுத்து ஐரோப்பா முழுக்க விற்றது. சில ஆண்டுகளில் அதிகாரிகள் கம்பெனியை முடக்கினார்கள், ஷ்வார்ட்சர் 1914-ல் போரில் இறந்தார். மிஞ்சியவற்றை ஃபில்ம்ஆர்க்கிவ் ஆஸ்திரியா மீட்டிருக்கிறது. ஸ்பெயினில் அரசர் 13-ஆம் அல்ஃபோன்சோ கேட்டு எடுத்ததாகச் சொல்லப்படும் 1920களின் மூன்று படங்கள் வலென்சியா ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

இவை நைட்ரேட் சுருள் காலத்தவை. நைட்ரேட் எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. சுருள் கைக்கு வந்து, ஓரத்தில் 'சேஃப்டி' என்ற எழுத்து இல்லையென்றால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைத்து ஆவணக்காப்பகத்தை அழையுங்கள். தபாலில் அனுப்புவதும் குற்றமாகலாம்.

ஸ்கேன் முடிஞ்சுது. பழைய ரீலைத் தூக்கிப் போட்டுடலாமா?

கூடாது. 2000-களில் எச்டி ஸ்கேன் செய்துவிட்டு நெகட்டிவை விட்டவர்கள் இன்று 4கே-க்கு வழியின்றி நிற்கிறார்கள். வினிகர் 3-க்குப் போன சுருளையும் குளிரில் வையுங்கள், ஓரக்குறியும் ஒட்டும் அதில்தான் இருக்கின்றன.

ஸ்கேன் கோப்புக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். கம்ப்யூட்டர் கோப்புகளுக்கான எல்டிஓ-8 மேக்னடிக் டேப் ஒன்றில் 12 டெராபைட் கொள்ளும். மேலே சொன்ன 6.6 டெராபைட் தாராளமாக அடங்கும். ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறினால் காட்டிக்கொடுக்கும் எம்டி5 எண் எடுத்துத் தனியே வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை டேப்பைப் படித்து ஒப்பிடுங்கள். எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8-ஐப் படிக்கும், எல்டிஓ-7-ஐப் படிக்காது. அதனால் புது டிரைவ்கள் பழைய டேப்பைப் படிக்காமல் போவதற்கு முன்பே புது டேப்புக்கு மாற்ற வேண்டும். பணமிருந்தால் முடித்த படத்தைப் பாலியெஸ்டர் சுருளில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று கறுப்பு-வெள்ளை நிறப்பிரிப்புகளாகத் திரும்பப் பதியுங்கள். சாயம் இல்லாததால் மங்க எதுவுமில்லை, அசிடேட் இல்லாததால் வினிகரும் இல்லை.

ரெண்டு கம்பெனி ரெண்டு ரீஸ்டோரேஷன் போட்டிருக்கு. நிறமே வேற வேற. எதை நம்புறது?

அட்டையையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு டிஸ்க்கில் மூன்று இடம் பாருங்கள். முதலில், பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் அல்லது படுக்கை விரிப்பு. எல்லாக் காட்சியிலும் அது ஒரே மஞ்சளாகவோ பச்சை கலந்த நீலமாகவோ இருந்தால் இன்றைய ரசனையைப் பூசியிருக்கிறார்கள். அடுத்து, இரவுக் காட்சி. பகலில் நீல ஃபில்டர் போட்டு எடுத்த இரவை லேபில் இருட்டாக்க வேண்டும் என்று தெரியாமல் பட்டப்பகலாக விட்டிருந்தால் பார்க்க ஆதாரப் பிரிண்ட் இல்லாமல் வேலை செய்திருக்கிறார்கள். கடைசியாக டைட்டில். எழுத்துகள் புது கம்ப்யூட்டர் எழுத்துருவில் இருந்தால் மூல டைட்டில் ரீல் கிடைக்கவில்லை. அப்படியானால் எந்த நாட்டுப் பிரதியை எடுத்தோம், எத்தனை மீட்டர், எந்தெந்த ஷாட் வேறு சுருளிலிருந்து வந்தது என்று படத்தின் தொடக்கத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிற கம்பெனியின் டிஸ்க்கை வாங்குங்கள், நிறம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.